செவேரோ கேட்ட ஆறு பெட்டிகள்

செவேரோ என்ற பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது தண்ணீரின் மேல். எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவும் சித்தப்பா சத்துர்னினோவும் கோரைப் படகில் நின்று வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பறவை முட்டைகளை மடியில் கட்டிக்கொண்டு முன்பக்கம் உட்கார்ந்திருந்தேன். கரையிலிருந்து என் அம்மா இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக் கத்தினாள்.

"சத்துர்னினோ! ஆம்பளப் புள்ள! பேரு செவேரோ!"

சித்தப்பா வலையை விடாமலே திரும்பிக் கத்தினார். "பேரு வேற வச்சாச்சா? நான் இல்லாமலா?"

"சாமியார் கெளம்புறாரு! விட்டா அடுத்த வருசம்தான் வருவாரு! அதான் ஞானஸ்நானத் தண்ணி தெளிச்சாச்சு!"

அப்பா சிரித்துவிட்டார். "வலையில மீன் விழறதுக்குள்ள உன் பையனுக்குப் பேரு விழுந்துருச்சுடா" என்றார். சித்தப்பாவுக்குக் கோபம். தன் தகப்பன் பெயரை வைக்க வேண்டும் என்று நினைத்திருந்தார். அன்று முழுவதும் மீனைத் திட்டிக்கொண்டே இருந்தார்.

ஆக, செவேரோ எனக்குத் தம்பி முறை. என் அப்பாவும் அவன் அப்பாவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அவன் அம்மா வழியில் பார்த்தால் என் வீட்டுக்காரருக்கும் ஏதோ ஓர் உறவு வரும். ஏரியைச் சுற்றி எங்கள் ஆட்களுக்கு மூன்றே ஊர்கள். எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒரே அடுப்பில் வந்து முட்டும்.

எங்களுக்கு நிலம் கிடையாது. எப்போதும் இருந்ததில்லை. சுற்றியிருக்கும் நிலத்துக்காரர்கள் எங்களைத் தண்ணிக்காரர்கள் என்பார்கள். தண்ணீர் நிற்கும் இடம் எங்களுடையது, அது முடிகிற இடத்திலிருந்து அவர்களுடையது. மழை குறைந்த ஆண்டுகளில் தண்ணீர் பின்னால் போகும், அவர்கள் கினுவா விதைத்துக்கொண்டே முன்னால் வருவார்கள். மழை மிகுந்த ஆண்டில் பயிர் முழுகும், நாங்கள் அதன் மேல் படகு விடுவோம். யாரும் யாரையும் கோர்ட்டுக்கு இழுத்ததில்லை. தண்ணீரே ஒரேயடியாகப் போய்விடும் என்று அன்று யார் கண்டார்கள்?

செவேரோ நல்ல படகோட்டி. பேச்சு குறைவு. காற்று எழும் முன்பே மூக்கைத் தூக்கிப் பார்த்துக் கரை திரும்பிவிடுவான். அடுத்த ஊர் தோரிபியாவைக் கட்டினான். மூத்தவன் வில்மர், இளையவள் லுஸ்மிலா. லுஸ்மிலாவுக்குப் பன்னிரண்டு வயதானபோது தோரிபியா நெஞ்சுச் சளியில் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் குரல் என்று இருந்தது லுஸ்மிலாவின் குரல்தான். வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தால்கூட அந்தப் பெண் யாருடனாவது பேசிக்கொண்டுதான் உரிப்பாள். செவேரோ ஒரு வார்த்தை பேச மாட்டான், ஆனால் அவள் பேசும் இடத்தில் போய் உட்கார்ந்து கயிறு திரிப்பான்.

மீன் குறைந்துகொண்டே வந்த நாளில் நகரத்திலிருந்து ஓர் அமைப்பின் ஆட்கள் வந்தார்கள். "மீன் இனிமே சோறு போடாது. பயணிங்க போடுவாங்க" என்றாள் அதில் கண்ணாடி போட்டிருந்த பெண். விருந்தினர் வீடு ஒன்று கட்டித் தருவதாகச் சொன்னாள். பயணிகள் வந்து தங்குவார்கள், படகில் ஏரியைச் சுற்றிப் பார்ப்பார்கள், பூநாரைகளைப் படம் எடுப்பார்கள், நாங்கள் சமைத்துப் போடுவோம். அதை நடத்த ஒருவர் வேண்டும் என்றதும் எல்லாரும் செவேரோவைக் காட்டினோம். அவன் வீட்டில் சமைக்கவும் படிக்கவும் தெரிந்த பெண் இருந்தாளே.

கட்ட நிலம் வேண்டும். எங்களிடம் ஏது? நிலத்துக்காரர்களின் தலைவர் பிளாசிதோவிடம் போனோம். நல்ல மனுஷன்தான். மேட்டில் ஒரு துண்டைக் காட்டி, "பயணிங்க வந்தா அது உங்களுக்கு. வராட்டி எங்களுக்கு. சரியா?" என்றார். சரி என்று கோக்கா இலையை மாற்றிக்கொண்டோம். எங்கள் பக்கத்தில் பத்திரத்தைவிட அது கெட்டி.

ஆறு கட்டில், ஆறு மெத்தை, ஆறு கம்பளி, வெள்ளை விரிப்புகள், பூநாரையும் படகும் வரைந்து 'ஏரிக்கு' என்று அம்புக்குறி போட்ட ஒரு பலகை. இவ்வளவும் கொடுத்தார்கள். கடைசியாக ஒரு காகிதமும் கொடுத்தார்கள். பயணிகள் வந்து இறங்கியதும் நாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல வேண்டுமாம். அதில் எழுதியிருந்ததை அப்படியே, ஒரு சொல் விடாமல்.

செவேரோ பள்ளிக்கூடம் போனது இரண்டே ஆண்டுகள். லுஸ்மிலா வாசிக்க வாசிக்க அவன் மனப்பாடம் செய்தான். நான் கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டிருக்கிறேன்.

"எங்கள் நாடு பொலிவியா. அது தென் அமெரிக்காவின் நடுவில் இருக்கிறது. சொல்லுங்கப்பா."

"நடுவுல இருக்குறது அவங்களுக்குத் தெரியாதா? வழி கண்டுபிடிச்சுத்தானே வந்திருப்பாங்க?"

"காகிதத்துல இருக்குப்பா. சொல்லுங்க."

"எங்கள் நாடு பொலிவியா. அது தென் அமெரிக்காவின் நடுவில் இருக்கிறது."

"ஒன்பது மாகாணங்கள். முப்பத்தேழு மொழிகள்."

"நம்ம பாஷை அதுல எத்தனாவது?"

"அது தாத்தா காலத்துலயே போயிருச்சே. அடுத்தது, எங்கள் தலைநகர் சுக்ரே, ஆனால் அரசாங்கம் லா பாஸில் இருக்கிறது."

"தலை ஒரு எடத்துல, தொப்பி ஒரு எடத்துல."

"அப்பா!"

இப்படியே போகும். எங்களுக்குக் கடல் இல்லை, ஆனால் கடற்படை உண்டு. இங்கே உயரம் அதிகம், மூச்சு வாங்கும், மெதுவாக நடங்கள். கோக்கா இலைத் தேநீர் குடியுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கடுங்குளிர். கடைசி வரிதான் அவனுக்குப் பிடித்தது. அதைச் சொல்லும்போது மட்டும் தொப்பியைக் கழற்றிக்கொள்வான்: "எங்கள் ஏரி நாட்டிலேயே இரண்டாவது பெரிய ஏரி. படகில் சென்று பூநாரைகளைக் காணலாம்."

கட்டடம் முடிய இரண்டு ஆண்டுகள் ஆயின. முதல் ஆண்டின் முடிவில் மீன்கள் ஒரே நாளில் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. பறவைகள் அவற்றைத் தின்ன வந்து, சில தாங்களும் செத்தன, மற்றவை பறந்து போயின. பலகையை நட்ட அன்று தண்ணீர் ஒரு மணி நேர நடையில் ஒரு பளபளப்பாகத் தெரிந்தது. அடுத்த ஆண்டு மழைக்காலம் வரும் முன் அதுவும் இல்லை. காற்றில் உப்புத்தூள் பறந்தது. படகுகள் நின்ற இடத்திலேயே சேற்றில் சாய்ந்து, சேறு காய்ந்ததும் அப்படியே இறுகிவிட்டன.

என் வீட்டுக்காரருக்கு வாய் நீளம். "கடல் இல்லாத நாட்டுக்குக் கடற்படை, ஏரி இல்லாத ஊருக்கு விருந்தாளி வீடு. பொருத்தந்தான்டா மச்சான்" என்பார்.

"தண்ணி வரும் அத்தான். முன்னாடியும் போயிட்டு வந்திருக்கு."

"முன்னாடி போனப்ப உங்கப்பன் இருந்தான். அவன்கிட்ட சொல்லிட்டுப் போச்சு. இப்ப யார்ட்ட சொல்லிட்டுப் போச்சு?"

வில்மர் முதலில் போனான். மலைக்கு அந்தப் பக்கம் சிலி நாட்டில், இகிகே என்ற கடற்கரை ஊரில் கட்டட வேலை. அவன் தங்கையையும் கூப்பிட்டான். லுஸ்மிலாவுக்கு அப்போது பத்தொன்பது. அவள் வயதுப் பெண்கள் ஊரில் மூன்று பேர்கூட மிஞ்சவில்லை. ஒரு நாள் என் முன்னாலேயே தகப்பனிடம் சொன்னாள்.

"அப்பா, திருவிழா முடியட்டும். அதுலேருந்து ஒரு வருசம் இருக்கேன். பயணிங்க வந்தா நான் எங்கயும் போகல. சமைச்சுப் போட்டுக்கிட்டு இங்கயே கெடக்கேன். வராட்டி அண்ணன்கிட்ட போறேன். நீங்களும் வாங்க."

"நான் எங்க வர்றது?"

"அங்க கடல் இருக்குப்பா."

"அது அவங்க கடல்" என்றான் செவேரோ.

அன்றிலிருந்து அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். லுஸ்மிலா போகக் கூடாது. அதற்குப் பயணிகள் வர வேண்டும். ஏரி வராவிட்டாலும் பரவாயில்லை என்று அவன் வாயால் கேட்டது அந்த ஆண்டுதான்.

ஒருரோ நகரத்தில் திருவிழா முடிந்ததும் குன்றடியில் சின்னப்பொருள் சந்தை கூடும். எது வேண்டுமோ அதை விரல் அளவில் வாங்கி, உச்சிப் பொழுதில் மணி அடிக்கும்போது புகை காட்டிவிட்டால், ஆண்டுக்குள் அது முழு அளவில் வந்து சேரும். வீடு வேண்டுபவர் சின்ன வீடு வாங்குவார். லாரி, மாவு மூட்டை, படித்த சான்றிதழ், எல்லாம் உண்டு. நான் ஒரு முறை தையல் இயந்திரம் வாங்கினேன், வந்தது. புகை காட்டுகிறவர் கேட்பவரின் பெயரைச் சொல்லித்தான் காட்டுவார். பெயர் சொல்லாத பொருள் வெறும் பொம்மை.

செவேரோ என்னையும் கூட்டிக்கொண்டு போனான். வரிசை வரிசையாகப் பார்த்துவிட்டு, பயணப் பெட்டி விற்கும் ஒரு பருத்த அம்மாளின் முன்னால் உட்கார்ந்தான். தோல் போலவே தைத்த குட்டிப் பெட்டிகள், உள்ளே நகம் அளவு கடவுச்சீட்டு. "ஆறு குடும்மா" என்றான்.

"ஆறா! யாரு யாரு பயணம்?"

"யாரும் இல்ல. பயணிங்க எங்க ஊருக்கு வரணும். வந்தா பெட்டியோடதானே வருவாங்க?"

அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். "அடேயப்பா! நாப்பது வருசமா விக்கிறேன். அடுத்தவன் பெட்டியக் கேட்டு வந்தவன் நீ ஒருத்தன்தான்யா. ஓட்டல் வாங்கு. இதோ, நாலு மாடி."

"கட்டடம் இருக்கும்மா. கட்டிலும் இருக்கு. ஆளுதான் இல்ல."

"ஆளு நான் விக்கிறதில்ல. பெட்டக்கோழி இருக்கு, வாங்குனா பொண்டாட்டி வருவா. வேணுமா?"

தோரிபியா போன பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். ஆறு பெட்டியையும் தொப்பிக்குள் போட்டுக்கொண்டு எழுந்தான். உச்சிப் பொழுதுக்குக் கொஞ்சமே இருந்தது. புகை காட்டுகிறவர் முன்னால் கூட்டம் நெருக்கியது. எங்கள் முறை வந்தபோது அவர் கரித்தட்டை ஊதிக்கொண்டே, "பேரு?" என்றார்.

"யாரு பேரு?"

"பெட்டி யாருதோ அவங்க பேரு."

செவேரோ திகைத்துப்போனான். வராத பயணியின் பெயர் யாருக்குத் தெரியும்? பின்னால் நின்றவர்கள், "சீக்கிரம்யா, மணி அடிச்சுரும்" என்று இடித்தார்கள். அவன் என்னைப் பார்த்தான். நான்தான் சொன்னேன். "வீட்டுப் பேரச் சொல்லு தம்பி. அங்கதானே வரணும்?"

"செவேரோ வீடு" என்றான் அவன். அவசரத்தில் வீட்டு ஆட்களின் பெயர்களையும் சேர்த்துவிட்டான். "செவேரோ, வில்மர், லுஸ்மிலா."

அவர் பெட்டிகளின் மேல் சாராயம் தெளித்து, பூவிதழ் தூவி, மூன்று பெயரையும் சத்தமாகச் சொன்னார். மணி அடித்தது.

வீட்டுக்கு வந்ததும் லுஸ்மிலா தொப்பிக்குள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, யாரு போறாங்க?"

மூன்று பெயரும் சொன்னது வரை அவன் விளக்கிச் சொன்னான். எதற்கும் இரண்டு பேச்சுப் பேசுகிற பெண் அப்படியா என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். பிறகு என்னை மட்டும் கேட்டாள்: "அத்தை, நீங்க கூடத்தானே இருந்தீங்க?"

"இருந்தேன்டி."

ஆறு பெட்டிகளையும் நூலில் கோத்து, தோரிபியாவின் படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டினாள்.

அந்த ஆகஸ்ட் மாதம் ஒரு வண்டி வந்தது. பெரிய உப்புவெளி இருக்கும் உயுனி ஊர் வண்டி, மேலே இரண்டு பெரிய பெட்டிகள் கட்டியிருந்தன. ஊரே வெளியே வந்து நின்றது. வெளிநாட்டுக் கணவனும் மனைவியும் இறங்கினார்கள், நல்ல உயரம், மூக்கு நுனி குளிரில் சிவந்திருந்தது. லுஸ்மிலா உள்ளே ஓடி வெள்ளை விரிப்புகளை உதறிப் போட்டாள். நான் கினுவா சூப்புக்கு அடுப்பு மூட்டினேன். செவேரோ தோளில் நல்ல போர்வையைப் போட்டுக்கொண்டு வந்து, பலகைக்குப் பக்கத்தில் நின்று, தொண்டையைச் செருமினான்.

"எங்கள் நாடு பொலிவியா. அது தென் அமெரிக்காவின் நடுவில் இருக்கிறது..."

ஒரு சொல் விடவில்லை. காற்று வாயில் மண்ணை அள்ளிப் போட்டும் நிறுத்தவில்லை. தலைநகரைச் சொன்னான், கடற்படையைச் சொன்னான், மெதுவாக நடக்கச் சொன்னான். முடித்ததும் ஓட்டுநர் அவர்கள் மொழியில் இரண்டு வார்த்தை சொன்னான்.

"இவ்ளோ நேரம் சொன்னேன், நீ ரெண்டு வார்த்தையில முடிச்சிட்டியே?"

"சாரத்தச் சொன்னேன்யா" என்றான் ஓட்டுநர். "ஏரி எங்கன்னு கேக்குறாங்க."

செவேரோ மறுபடியும் தொப்பியைக் கழற்றினான். "எங்கள் ஏரி நாட்டிலேயே இரண்டாவது பெரிய ஏரி. படகில் சென்று பூநாரைகளைக் காணலாம்."

ஓட்டுநர் அவன் தோளைத் தொட்டுக் குரலைத் தாழ்த்தினான். "பெரியவரே, வத்திப்போச்சுன்னு படிச்சிட்டுத்தான் வந்திருக்காங்க. வெடிச்ச சேத்துல படகு கெடக்காமே, அதப் படம் பிடிக்கணுமாம். அத மட்டும் காட்டுங்க, போதும்."

அவன் கூட்டிக்கொண்டு போனான். நானும் பின்னால் போனேன். அவனுடைய படகுதான் கிட்டத்தில் கிடந்தது. அந்த அம்மாள் கையால் ஏதோ காட்டினாள். படகில் ஏறி உட்காரச் சொல்கிறாள் என்றான் ஓட்டுநர். செவேரோ ஏறினான். கழியைப் பிடிக்கச் சொன்னாள், பிடித்தான். பழக்கத்தில் அதைத் தரையில் ஊன்றித் தள்ளினான். படகு அசையவில்லை. அந்த நேரம் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லவள்தான். ஆனால் சூப்பு குடிக்க நேரமில்லை என்றார்கள். இருட்டும் முன் உப்புவெளிக்குப் போக வேண்டுமாம்.

நாங்கள் திரும்பி வந்தபோது வண்டியின் பக்கத்தில் தோரிபியாவின் பழைய பழுப்புப் பெட்டி இருந்தது. லுஸ்மிலா போர்வையைச் சுற்றிக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றாள்.

"அப்பா, உயுனி வரைக்கும் எடம் இருக்காம். கேட்டுட்டேன்."

"வந்துட்டாங்களேம்மா" என்றான் செவேரோ. "பயணிங்க வந்தா இருப்பேன்னு சொன்னியே."

"வந்தாங்கப்பா. கட்டில்ல உக்காந்துகூடப் பாக்கல. செத்த படகப் பாக்க வந்தாங்க. இனிமே யாரு வந்தாலும் அதப் பாக்கத்தான் வருவாங்க. நான் அடுப்பு மூட்டி வச்சுக்கிட்டு அதுக்காகவா காத்துக் கெடக்கணும்?"

"ஒரு வருசம்னு சொன்ன. இன்னும் ஆறு மாசம் இருக்கு."

"தெரியும்ப்பா. அந்த ஆறு மாசத்த எனக்கு விட்டுக்குடுத்துருங்க."

ஓட்டுநர் வண்டியின் மேல் ஏறி அந்தப் பெட்டியைக் கட்டப் பார்த்தான். கயிறு நழுவிக்கொண்டே இருந்தது. செவேரோ கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சக்கரத்தில் கால் வைத்து மேலே ஏறி, பயணிகளின் இரண்டு பெட்டிகளோடு மகளின் பெட்டியையும் சேர்த்துத் தானே கட்டினான். படகு கட்டுகிற முடிச்சு. "அவுராது" என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

வண்டி போன தூசி அடங்க நேரமானது. நான் வைத்த சூப்பை நாங்களே குடித்தோம். அவன் உள்ளே போய் ஆணியிலிருந்த நூலை எடுத்து, ஒரு பெட்டியை விரலால் ஒதுக்கினான்.

"நாம கேட்டதுதான்க்கா வந்திருக்கு. அவ பேரச் சொல்லித்தானே கேட்டேன்?"

"நான்தானடா சொல்லச் சொன்னேன்."

"வாய் என்னுது" என்றான். அதற்கு மேல் அதைப் பற்றி அவன் என்னிடம் பேசவில்லை. என்னைக் குறை சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஊரில் யார் கிளம்பினாலும், "செவேரோ பெட்டி" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். என் சின்ன மகன் போனான். அவன் பெண்டாட்டி போனாள். எதிர்வீட்டுக் குடும்பம் சுரங்கத்துக்குப் போனது. இரண்டு ஆண்டுக்குள் ஐந்து பெட்டி போய்விட்டது என்றார்கள் சிலர். நான் எண்ணிப் பார்த்ததில் ஏழு வருகிறது. ஆனால் ஆறு என்று வந்தால்தானே கதை சொல்ல வாட்டம்? என் வீட்டுக்காரர் நோயில் கிடந்தபோதுகூட வாயை அடக்கவில்லை. "மிச்சம் இருக்குற ஒண்ண எனக்குக் குடுடா மச்சான், நானும் கெளம்புறேன்" என்றார். அந்த மாதமே கிளம்பிவிட்டார்.

அடுத்த சந்தைக்குச் செவேரோ பெட்டிகளை எடுத்துக்கொண்டு போனான். அதே அம்மாள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"இத எடுத்துக்கம்மா."

"ஏன், பலிக்கலையா?"

"பலிச்சிருச்சு."

"பலிச்சத யாருய்யா திருப்பி வாங்குவா?" என்று அவள் பெட்டிகளை அவன் பக்கம் தள்ளிவிட்டாள். அவன் ஒரு சின்னப் படகு கேட்டான். அவளிடம் இல்லை. சந்தை முழுக்கத் தேடினோம், கார் இருந்தது, விமானம் இருந்தது. படகு யாரும் கேட்பதில்லை என்றார்கள்.

பிறகு ஒரு நாள் பிளாசிதோ கழுதைகளில் விதைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு வந்தார். சண்டைக்கு வரவில்லை. வாசலில் உட்கார்ந்து, முதலில் கோக்கா கொடுத்து, பிறகுதான் பேச்சை எடுத்தார்.

"என்ன செவேரோ, வந்தா உங்களுக்கு, வராட்டி எங்களுக்குன்னு பேசினோம். மூணு வருசம் பாத்தாச்சு."

"ஒரு தடவ வந்தாங்க."

"வந்தாங்க, போனாங்க. என் கெழங்குக்கு எடம் வேணும்ப்பா. பனியில போகுது."

செவேரோ கட்டில்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட்டான். மெத்தையின் மேல் போட்ட பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் இன்னும் பிரிக்கவில்லை. "பலகைய மட்டும் விட்டுருங்க" என்று கேட்டான்.

"இருக்கட்டும். எங்க ஆடு முதுகு தேச்சுக்கும்" என்றார் பிளாசிதோ. நக்கலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே ஆடுகள் அதில்தான் தேய்த்துக்கொள்கின்றன. பூநாரையின் கால்கள் அழிந்துவிட்டன.

நிலமும் இல்லை, தண்ணீரும் இல்லை. விதைக்க அவனுக்குத் தெரியாது, தெரிந்தாலும் எங்கே விதைப்பான்? லுஸ்மிலா போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். இகிகேயில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறாள். கடலைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். என்னிடம் காட்டினான். "எவ்வளவு தண்ணிக்கா" என்றான். "ஒரு கோரகூட இல்ல." அங்கே போக மாட்டேன் என்றான். கொல்சானி உப்புக் கொட்டகைகளில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு லாரிக்காரனிடம் சொல்லி வைத்தான்.

கிளம்பும்போது ஒரு மாவுச் சாக்கில் துணியைத் திணித்துக்கொண்டிருந்தான்.

"பெட்டி தரவா தம்பி? உங்க அத்தானோடது சும்மாதான் கெடக்கு."

"வேணாங்க்கா. பெட்டியோட போனா அந்தக் கணக்குல சேந்துரும். சாக்கோட போறவன் பயணம் போறவன் இல்ல. வேலைக்குப் போறவன். வந்துருவேன்."

"எப்ப?"

"மழை வந்ததும்."

மழை இரண்டு முறை வந்தது. ஏரியில் முழங்கால் அளவுகூட நிற்கவில்லை. அவன் வரவில்லை.

போன ஆண்டு கண் காட்ட உயுனிக்குப் போகும் வழியில் கொல்சானியில் இறங்கினேன். சாலையில் பயணிகளின் வண்டிகள் நாற்பதுக்குக் குறையாமல் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றின் மேலும் பெட்டிகள். இவ்வளவு பெட்டியை நான் ஒருசேரப் பார்த்ததே இல்லை. இளவட்ட வழிகாட்டிகள் ஆங்கிலத்தில் ஏதோ ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். செவேரோ தகரக் கொட்டகையின் பின்பக்கம் உட்கார்ந்திருந்தான். உப்பு அவன் விரல் இடுக்குகளை அரித்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, ஒரு சாக்கைத் தட்டிப் போட்டு உட்கார வைத்தான்.

"கேக்குதாக்கா?" என்று தகரத்தைக் காட்டினான். "என் காகிதத்தத்தான் சொல்றானுங்க. பாஷை புரியல, ஆனா சுக்ரே வருது, லா பாஸ் வருது, கோக்கா வருது. வரிசை அப்படியே இருக்கு. கடைசி வரிக்காகக் காத்துக்கிட்டே இருப்பேன். நம்ம ஏரி பேரு மட்டும் வர மாட்டேங்குது."

"நீ வெளிய போய்ச் சொல்லக் கூடாதா?"

"யாரு கேப்பாக்கா? இங்க உப்பு இருக்கு. உப்பப் பாக்க வந்தவங்க."

லுஸ்மிலாவைப் பற்றிக் கேட்டேன். பிள்ளை பிறந்திருக்கிறதாம். பெயர் வைத்தாகிவிட்டது என்று போனில் சொன்னாளாம். அவனைக் கேட்கவில்லை. அந்தப் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்தான், சிலிக்காரப் பெயர், அவன் நாக்கில் சரியாக உட்காரவில்லை.

செவேரோ இப்போது கொல்சானியில் இருக்கிறான். சாலையிலிருந்து மூன்றாவது கொட்டகை. உப்பை அரைக் கிலோ பைகளில் நிரப்பி, வாயை நெருப்பில் காட்டி ஒட்டுகிறான்.